பனிக்கு அடியில் புல்

டூ ஹார்பர்ஸ், மின்னசோட்டா
ஏப்ரல் 21, 1986

அன்புள்ள வெர்னாவுக்கு,

நான் நலம். டூசானில் நீயும் உன் அக்கா ஆர்டிஸும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே பனி உருகிவிட்டது. முன்பக்கத்துப் புல்தரை கெட்டுப்போய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வட்டம் வட்டமாகச் சாம்பல் நிறத்தில், நூலாம்படை படிந்த மாதிரி கிடக்கிறது. நடுவில் வளைந்து வளைந்து வாய்க்கால் மாதிரிக் கோடுகள். சாலையோரம் முழுக்க வைக்கோல் நிறம். ஃபோனில் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். ஆர்டிஸ் எடுத்தாள். வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு லெம்பி வேலியோரம் வந்து நின்று நன்றாகப் பார்த்தாள். "பொண்டாட்டி போனா, பின்னாடியே புல்லும் போயிடுச்சா?" என்றாள். நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தத் தரையை நீதான் பார்த்துக்கொண்டாய். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஆள் வைத்து மொத்தத்தையும் உழுதுவிட்டுச் சரளைக்கல் கொட்டிவிடலாம் என்றிருக்கிறேன். வீட்டில் உனக்கும் பாதி உரிமை இருப்பதால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஹால்வர் நைகார்ட்


டூசான், அரிசோனா
ஏப்ரல் 26, 1986

ஹால்வர்,

உழாதே! ஆளுக்குச் சொல்லியிருந்தால் உடனே போய் வேண்டாம் என்று சொல்.

நீ எழுதிய எதுவும் சாவு இல்லை. சாம்பல் வட்டம் பனிப் பூஞ்சணம். புல் நீளமாக இருக்கும்போது அதன்மேல் பனி விழுந்து மாதக்கணக்கில் கிடந்தால் அப்படித்தான் ஆகும். போன அக்டோபரில் கடைசி வெட்டு வெட்டாமல் விட்டது நான்தான். எனக்கு மனசு சரியில்லாத மாதம் அது. வாய்க்கால் மாதிரிக் கோடுகள் வயல் எலிகள் போட்ட பாதை. பனிக்கு அடியில் அவை குளிர்காலம் பூராவும் கல்யாண ஊர்வலம் போயிருக்கும். சாலையோரம் கருகினது, பனி உருகுவதற்காகப் பனி தள்ளும் வண்டி வாரியிறைத்த உப்பினால்.

இப்போது நீ செய்ய வேண்டியது, பொறுமையாக இருப்பது. நடந்தால் செருப்புக்கு அடியில் தண்ணீர் கசியக் கூடாது, அந்த அளவுக்குத் தரை காயட்டும். பிறகு கொட்டகையில் விசிறி மாதிரி ஒரு வாரி இருக்கிறதே, அதனால் மெதுவாக வாரிவிடு. தலைமுடி கோதுகிற மாதிரி. பூஞ்சணம் காற்றுப் பட்டாலே போய்விடும். உப்புப் பட்ட இடத்தில் நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்கு.

சரளைக்கல் என்று எழுதியிருந்தாயே, ஆர்டிஸ் வீட்டு வாசலில் அதுதான் இருக்கிறது. அதற்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார்கள், ஹால்வர். கல்லுக்கு! காலையில் திரைச்சீலையை விலக்கினால் என் கண்ணில் படுவது அதுதான்.

இன்னொன்று. முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாய், ரயில்வே ஆபீசுக்கு எழுதுகிற மாதிரி. எனக்கு எத்தனை ஹால்வரைத் தெரியும்?

வெர்னா


டூ ஹார்பர்ஸ்
மே 27, 1986

அன்புள்ள வெர்னா,

தரை காய இவ்வளவு நாள் ஆயிற்று. ஏரியில் போன வாரம்வரை பனிக்கட்டி மிதந்தது.

நீ சொன்ன மாதிரி வாரினேன். முதல் நாள் பலமாக இழுத்துவிட்டேன், வேரோடு கொஞ்சம் வந்துவிட்டது. மறுநாள் கோதினேன். சாம்பலுக்கு அடியில் பச்சை இருந்தது. ஊசி ஊசியாக. முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.

ஒரு தப்பு செய்தேன். ஒரேயடியாக வெட்டிவிட்டால் அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை என்று மெஷினைக் கீழ் அளவில் வைத்து ஒட்ட வெட்டிவிட்டேன். லெம்பி வந்து, "என்ன ஹால்வர், புல்லப் பட்டாளத்துக்கு அனுப்பப் போறியா?" என்றாள். நான், "நேத்தே ஆளெடுத்துட்டாங்க, இன்னைக்கு ரயிலேத்தணும்" என்றேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "நீ பேசுவியா!" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பிள்ளைகள் ஃபோன் செய்து, அம்மா ஏன் போனாள் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் குடிக்கிறதில்லை, கை நீட்டினதில்லை. சம்பளத்தை வீட்டில்தான் கொடுத்தேன்.

ஹால்வர்


டூசான்
ஜூன் 4, 1986

ஹால்வர்,

புல்லுக்கு இலைதான் வாய். ஒட்ட வெட்டினால் பட்டினி போட்ட மாதிரி. மூன்று அங்குல உயரம் எப்போதும் நிற்கட்டும். உயரமாக நின்றால் வேர் ஆழமாகப் போகும், மஞ்சள் பூக் களைக்கு நிழல் கட்டி அதை முளைக்கவே விடாது. பிளேடைச் சாணை பிடி. வெட்டி விழுந்த துணுக்கை அள்ளாதே, அதுவே உரம்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டாய். நீ சொன்னதெல்லாம் உண்மை. உன்மேல் ஊரில் ஒருத்தர் குறை சொல்ல முடியாது.

போன டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலையில் நான் பேச்சை நிறுத்தினேன். கோபத்தால் அல்ல. நானாகப் பேசாவிட்டால் நீ எப்போது பேசுவாய் என்று பார்க்க நினைத்தேன். காப்பி வைத்தேன், சமைத்தேன், உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். செவ்வாய் போனது, புதன் போனது. வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நீ தலையைத் தூக்கி, "உப்பு எங்க?" என்றாய். நான் எடுத்துக் கொடுத்தேன். நான் பேசாமல் இருந்ததே உனக்குத் தெரியவில்லை. அன்றுதான் ஆர்டிஸுக்கு ஃபோன் செய்தேன்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டாம். அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்.

வெர்னா


டூ ஹார்பர்ஸ்
ஜூலை 15, 1986

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது.

அந்த நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நீ நீலக் கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தாய். ரயில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டில் உட்காரவே தெரியவில்லை என்று பயந்துகொண்டிருந்தேன். அந்த வாரம்தான், பரவாயில்லை, இப்படி இரண்டு பேரும் இருந்துவிடலாம் என்று நிம்மதி வந்தது. அது நல்ல வாரம் என்று நினைத்தேன், வெர்னா. நீ எதிரில் இருந்துகொண்டே ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

இதற்குமேல் எழுத வரவில்லை. புல்லும் போய்விட்டது. மழையே இல்லை. தினமும் மத்தியானம் குழாயைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் காட்டினேன். ஆனாலும் மொத்தமும் பழுப்பாகிவிட்டது, நடந்தால் நொறுங்குகிறது. நீ அத்தனை வருஷம் வளர்த்ததை ஒரே கோடையில் கொன்றுவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஹால்வர்


டூசான்
ஜூலை 21, 1986

அன்புள்ள ஹால்வர்,

அது சாகவில்லை. தூங்குகிறது. குளிர்ப் பிரதேசத்துப் புல்லுக்கு வெயில் பிடிக்காது. கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளும். ஒரு கொத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார். கையோடு வராமல் தரையைப் பற்றிக்கொண்டிருந்தால் உயிர் இருக்கிறது. அடியில், மண்ணோடு ஒட்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு கெட்டி முடிச்சு தெரியும். எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

மத்தியானத் தண்ணீர் வேண்டாம், பாதி ஆவியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகவும் வேண்டாம். எழுப்புவதானால் விடிகாலையில் ஆழமாக விட்டு முழுசாக எழுப்பு. இல்லையென்றால் தூங்க விடு. பாதி எழுப்பிப் பாதி தூங்க வைத்தால்தான் அது களைத்துப்போய்ச் செத்துவிடும்.

நீ நல்ல வாரம் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த வீட்டில் அங்கேதான் அழ முடியும். ஆர்டிஸ் ரொம்ப நல்லவள், ஆனால் கண் விழித்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். கதவுக்கு வெளியே நின்று, "உள்ள என்ன பண்ற, முட்டை எப்படி வேணும், வேக வெச்சதா பொரிச்சதா, நேத்து டிவில ஒருத்தி வந்தாளே, அவ போட்டிருந்த சட்டையப் பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சில நேரம், நம் வீட்டுச் சமையலறைக்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும் என்றிருக்கிறது.

ஆர்டிஸின் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். கள்ளிச் செடி விற்கிறேன். சிரிக்காதே.

வெர்னா


டூ ஹார்பர்ஸ்
செப்டம்பர் 8, 1986

அன்புள்ள வெர்னா,

சிரித்தேன்.

இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அப்புறம் அதைத் தொடவே இல்லை, தூங்க விட்டேன். ஆகஸ்டில் மழை வந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது! லெம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நானாகப் போய்க் கூப்பிட்டேன்.

சொட்டையாக இருந்த இடங்களில் விதை போட வசந்தகாலம்வரை காத்திருக்கலாம் என்று பார்த்தேன். விதைக் கடைக்காரர், "இப்பப் போடுங்க. மண்ணு சூடா இருக்கு, காத்து குளுந்தாச்சு, களையெல்லாம் அடங்கிடுச்சு. இதவிட நல்ல நேரம் கிடையாது" என்றார். வெயில் படும் இடத்துக்கு ஒரு விதை, ஸ்ப்ரூஸ் மரத்தின் நிழலுக்கு வேறு விதை. மண்ணைக் கீறி, தூவி, காலால் மெல்ல அமுக்கி, காலையும் மாலையும் பூத்தூறலாக நனைத்தேன். நிழல் விதை சீக்கிரம் வந்தது. மற்றது வரவே இல்லை. தினமும் போய்ப் பார்த்து, "என்ன, இன்னைக்கும் இல்லையா?" என்று கேட்டேன். லெம்பிக்கு அது கேட்டுவிட்டது. "புல்லுகிட்ட பேசறான் பாரு! கட்டினவகிட்ட பேச வாய் வரல" என்றாள். கோபம் வரவில்லை. அவள் சொன்னது சரிதானே.

நேற்று வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசு. தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பனி விழுவதற்கு முன்னால் வந்து பார்ப்பாயா?

ஹால்வர்


டூசான்
செப்டம்பர் 16, 1986

அன்புள்ள ஹால்வர்,

அக்டோபர் நாலாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். செவ்வாய்க்கிழமை திரும்பிவிடுவேன். புல்லைப் பார்க்கத்தான் வருகிறேன், வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. வீட்டைப் பெருக்கிவை.

வெர்னா


டூசான்
அக்டோபர் 10, 1986

அன்புள்ள ஹால்வர்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் இப்போது இப்படித்தான் பழகிவிட்டோம்.

உன் புல்தரை அழகாக இருந்தது. நான் வைத்திருந்ததைவிட அழகு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி திரும்பினதும் அதுதான் கண்ணில் பட்டது.

ஆனால் விமான நிலையத்திலிருந்து வீடுவரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நீ செய்த உருளைக்கிழங்குக் கறியைச் சாப்பிட்டோம், கரண்டிச் சத்தம்தான் கேட்டது. கடிதத்தில் என்னோடு பேசுகிறவன் எங்கே என்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனைப் பார்க்கத்தான் நான் வந்தேன், ஹால்வர். புல்லுக்காக யாராவது அவ்வளவு தூரம் பறந்து வருவார்களா?

திங்கட்கிழமை காலை உறைபனி பெய்து எல்லாம் வெள்ளையாக இருந்ததே, நான் வாசலில் இறங்கக் காலைத் தூக்கினேன். நீ உள்ளேயிருந்து ஓடி வந்தாய். "மிதிக்காத வெர்னா! உறைஞ்சு நிக்குது, இப்ப மிதிச்சா ஒவ்வொரு தாளும் ஒடஞ்சு கால் பட்ட எடமெல்லாம் கருகிப் போயிடும். வெயில் வரட்டும், கொஞ்சம் இரு" என்றாய். என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்த மூன்று நாளில் நீ பேசின பெரிய பேச்சு அதுதான். அது எனக்குத் தெரியாததா? ஆனாலும் நீ கையை விடாமல் பிடித்திருந்தாய், நான் சும்மா நின்றேன்.

விமானத்தில் யோசித்துப் பார்த்தேன். இந்த வருஷம் முழுக்க நாம் இருவரும் புல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசியிருக்கிறோம். இனிமேல் பனி விழப்போகிறது. ஐந்து மாதத்துக்குப் புல்லே கண்ணில் படாது. அப்போது எனக்கு எழுது. எழுத விஷயம் இல்லாதபோது நீ எனக்கு என்ன எழுதுவாய் என்று பார்க்க வேண்டும். இது இன்னொரு சோதனை என்று நினைக்காதே. இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன்.

வெர்னா


டூ ஹார்பர்ஸ்
நவம்பர் 3, 1986

அன்புள்ள வெர்னா,

இலைகளை வாரிவிட்டேன். கடைசி வெட்டை இரண்டரை அங்குலத்துக்கு வெட்டினேன். குளிர்கால உரம் போட்டாயிற்று. சாலையோரம் உப்புப் படாமல் சாக்குத் துணி கட்டினேன். நேற்று பனி விழுந்தது.

நீ எழுதச் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

ஹால்வர்


டூசான்
டிசம்பர் 29, 1986

அன்புள்ள ஹால்வர்,

கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே உன் பெயர் இருந்தது. நன்றி.

வேறு கடிதம் ஏதாவது தபாலில் தவறிப்போயிருக்குமோ என்று தபால்காரரிடம்கூடக் கேட்டேன். இல்லை என்றார். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருவரால் முடியாததை அவரிடம் கேட்டது என் தப்பாக இருக்கலாம். நர்சரி முதலாளி என்னை நிரந்தரமாகவே வைத்துக்கொள்கிறேன் என்கிறார். புது வருஷத்தில் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

குளிரில் தொப்பி போடாமல் வெளியே போகாதே.

வெர்னா


டூ ஹார்பர்ஸ்
ஜனவரி 11, 1987

அன்புள்ள வெர்னா,

நவம்பரிலிருந்து இந்த மேஜையில் வந்து உட்காருகிறேன். உன் பெயரை எழுதுகிறேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. பனி ஜன்னல் விளிம்புவரை வந்துவிட்டது, சொல்வதற்கு எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றியது.

வெள்ளிக்கிழமை லெம்பி வீட்டில் கணப்பு நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் வரும்வரை நம் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். "அவ எழுதறாளா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன், மூட முடியவில்லை. ரிப்பேர்காரர் வந்து கதவைத் தட்டினபோதும் பேசிக்கொண்டிருந்தேன். லெம்பி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே, "இதையெல்லாம் எங்கிட்ட சொல்லி என்னய்யா ஆகப்போவுது? அவகிட்ட சொல்லித் தொலையேன்!" என்றாள்.

அதனால் சொல்கிறேன்.

சுரங்கத்திலிருந்து இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வரும் ரயிலில், கடைசிப் பெட்டியில் நான் தனியாக உட்கார்ந்து வருவேன் அல்லவா, அப்போது நிறையப் பார்ப்பேன். ஒருமுறை ஓடை நடுவில் ஒரு மூஸ் மான் தன் குட்டியோடு நின்றது. குட்டிக்குத் தண்ணீர் பயமாக இருந்தது. தாய் திரும்பி வந்து அதை முகத்தால் தள்ளியது. இன்னொரு முறை மழை விட்டதும் பிர்ச் மரக்காடு மொத்தமும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி நின்றது. இதைப் போய் வெர்னாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் அது சின்னதாகிவிடும். நீ நாள் முழுக்கப் பிள்ளைகளோடு அல்லாடிக் களைத்திருப்பாய். ஒரு மானைப் பற்றி என்ன சொல்வது என்று விட்டுவிடுவேன். அப்படியே எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

வண்டி ஊருக்குள் நுழையும்போது நம் வீட்டின் பின்பக்கமாக வரும். கோடையில் பல நாள் நீ அங்கே தோட்டத்தில் குனிந்து நின்றிருப்பாய். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை, ரயில் சத்தம் உனக்குப் பழகிப்போனது. நான் எழுந்து கண்ணாடி ஓரம் வந்து நிற்பேன். உன்னைத் தாண்டினதும் உட்கார்ந்துவிடுவேன். கடைசிவரை இதையும் உன்னிடம் சொன்னதில்லை. வேலையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

நீ எல்லாம் தெரிந்தவள், நான் சொல்லாமலே இதுவும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

நீ வந்தபோது காரில் பேச நினைத்தேன். கடிதத்தில் எழுதின ஆளாக நடந்துகொள்ள வேண்டுமே என்று நடுக்கமாக இருந்தது. இனியும் அப்படித்தான் இருக்கும். ஒரேயடியாக மாறிவிடுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தடுமாறுவேன். நீ கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் முதல் வார்த்தை வந்துவிடும், அப்புறம் பரவாயில்லை. லெம்பியைக் கேட்டுப் பார்.

நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் காப்பி ஆறிப்போய்விட்டது.

நர்சரி வேலை உனக்குப் பிடித்திருந்தால் இருந்துகொள். நான் எழுதிக்கொண்டிருப்பேன். ஏதாவது எழுதுவேன்.

உன்,
ஹால்வர்


டூசான்
ஜனவரி 17, 1987

என் அன்புள்ள ஹால்வர்,

அந்தக் குட்டி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே! இரண்டு நாளாக எனக்கு அதே நினைப்பு. இல்லை, எழுதாதே. உன் வாயால் கேட்டுக்கொள்கிறேன். நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி.

நிரந்தர வேலை வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஊருக்குப் போகிறேன் என்றதும் அவர், "ஜனவரியில மின்னசோட்டாவுக்கா? அங்கேருந்துதான் எல்லாரும் இங்க ஓடி வருவாங்க!" என்றார். வருகிற சனிக்கிழமை மத்தியான விமானத்தில் டுலூத் விமான நிலையத்துக்கு வந்துவிடுவேன். என் கனமான கோட்டு நம் வீட்டில்தான் இருக்கிறது, வரும்போது கொண்டு வா.

பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஆர்டிஸ் கதவோரம் வந்து நின்றாள். "என்னடி திடீர்னு? புல்லுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

"புல்லு பனிக்கு அடியில நல்லாத் தூங்குது. நான் அதுக்காகப் போகல, அக்கா" என்றேன்.

ஆர்டிஸ் முதன்முறையாக ஒன்றும் பேசாமல் என் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள்.

உன்,
வெர்னா